கார்த்தஹேனா போகும் முன் கேட்கப்படும் கேள்விகள்

கொலம்பியாவின் கரீபியக் கடற்கரையில் இருக்கிறது கார்த்தஹேனா தே இந்தியாஸ். ஸ்பானியர்கள் 1533-இல் நிறுவிய துறைமுக நகரம். தென்னமெரிக்காவின் தங்கமும் வெள்ளியும் கப்பலேறிப் போன வழியில் முக்கியமான ஊர். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மனிதர்கள் இறக்கி விற்கப்பட்ட ஊரும் இதுதான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஊரைப் பார்த்ததாக அர்த்தம் என்று நினைக்கிறேன். நான் போய் வந்த பிறகு பலர் கேட்ட கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

கொலம்பியாவில் உள்ள ஊரின் பெயரில் 'இந்தியாஸ்' எப்படி வந்தது?

கொலம்பஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டதாக நம்பினாரே, அந்தத் தவறின் மிச்சம். அமெரிக்கக் கண்டம் முழுவதையும் ஸ்பானியர்கள் பல நூறு ஆண்டுகள் 'லாஸ் இந்தியாஸ்' என்றே அழைத்தார்கள். ஸ்பெயினிலேயே கார்த்தஹேனா என்று ஒரு பழைய துறைமுகம் உண்டு. அதிலிருந்து பிரித்துச் சொல்லத்தான் இதை 'இந்தியாஸின் கார்த்தஹேனா' ஆக்கினார்கள். அதற்கு முன்பே இங்கே பூர்வகுடிகளின் ஊர் இருந்தது. அதன் பெயர் கலமாரி.

மதிலுக்கு வெளியே 'இந்தியா கத்தாலினா' என்ற ஒரு பெண்ணின் சிலை நிற்கிறது. பெயரைப் பார்த்ததும் நம் நாட்டுப் பெண்ணோ என்று ஒரு நொடி தோன்றும். ஸ்பானிய மொழியில் 'இந்தியா' என்றால் பூர்வகுடிப் பெண் என்று பொருள். சிறுமியாக இருந்தபோதே ஸ்பானியர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிற்பாடு, நகரத்தை நிறுவிய பேத்ரோ தே எரேதியாவுக்கு மொழிபெயர்ப்பாளராக அவளைத் திருப்பி அழைத்து வந்தார்கள். தன் மக்களிடம் படையெடுத்து வந்தவனின் பேச்சை அவள்தான் எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் அந்தச் சிலையடியில் நில்லுங்கள்.

விசா வேண்டுமா?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வேண்டும். ஆனால் கையில் அமெரிக்க விசாவோ ஷெங்கன் விசாவோ இருந்து, நுழையும் நாளில் அதற்கு இன்னும் 180 நாள் ஆயுள் இருந்தால் தனி விசா இல்லாமல் சுற்றுலாவுக்குப் போகலாம். விதிகள் மாறக்கூடியவை என்பதால், டிக்கெட் போடும் முன் கொலம்பிய வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா தேவையில்லை. விமானம் ஏறுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் 'செக்-மிக்' என்ற இணையப் படிவத்தை நிரப்பவேண்டும். இது இலவசம். அதே பெயரைப் போல வைத்துக்கொண்டு காசு கேட்கும் தளங்களை மூடிவிடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயமா?

திரும்பி வர அது கட்டாயம். கொலம்பியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து இந்தியாவுக்கு வருகிறவரிடம் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். இதில் யாரிடமும் கெஞ்சிப் பயனில்லை. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். எல்லா மருத்துவமனையிலும் போடமாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 60 வயது தாண்டியவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

இந்த நோயைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். கார்த்தஹேனாவின் வரலாற்றில் இதற்கு ஒரு பெரிய பங்கு உண்டு, கீழே வருகிறது.

எந்த மாதம் போகலாம்? எத்தனை நாள் வேண்டும்?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை இல்லை, கடற்காற்று நன்றாக வீசும். அக்டோபரில்தான் அதிக மழை. அந்தச் சமயத்தில் கடல் ஏற்றமும் சேர்ந்தால் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும். வெயில் வருடம் முழுக்க ஒரே மாதிரிதான். சென்னை, யாழ்ப்பாண வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது. ஆனால் ஈரப்பதம் ஆளைச் சோர வைக்கும். ஊர்க்காரர்களைப் போலக் காலை ஏழிலிருந்து பத்தரை வரையும், மாலை நான்கரைக்கு மேலும் நடங்கள்.

குறைந்தது நான்கு இரவு தங்குங்கள். ஊருக்கு இரண்டு நாள், தப்பிய அடிமைகள் உருவாக்கிய பலேங்கே கிராமத்துக்கு ஒரு நாள், கடலுக்கு ஒரு நாள்.

எப்படிப் போவது?

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. ஐரோப்பிய நகரம் ஒன்றின் வழியாகவோ இஸ்தான்புல் வழியாகவோ தலைநகர் பொகோத்தா போய், அங்கிருந்து ஒன்றரை மணி நேர உள்நாட்டு விமானம். அமெரிக்கா வழியாகப் போனால் இறங்கி ஏறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். பொகோத்தா 2,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே குளிரும். கைப்பையில் ஒரு ஸ்வெட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கார்த்தஹேனா விமான நிலையம் ஊருக்குள்ளேயே, பழைய நகரத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது. நம் நேரத்துக்கும் அங்குள்ள நேரத்துக்கும் பத்தரை மணி வித்தியாசம்.

எங்கே தங்குவது?

மதிலுக்குள் தங்கினால் அழகு, ஆனால் விலை அதிகம். பக்கத்தில் ஹெத்செமனி கொஞ்சம் மலிவு, இரவில் சத்தம் இருக்கும். போக்காகிராண்டே என்பது உயரமான கட்டடங்களும் கடற்கரையும் உள்ள புதிய பகுதி. எந்தக் கடற்கரை நகரத்திலும் பார்க்கக்கூடியதுதான். சிறு குழந்தைகளுடன் போகிறவர்கள் மதிலுக்குள்ளேயே சான் தியேகோ பகுதியைப் பாருங்கள், அங்கே ஆரவாரம் குறைவு.

மதில் மதில் என்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் கிட்டப் போய் ஒரு கல்லைப் பாருங்கள். எல்லாரும் மதில் மேலிருந்து சூரியன் மறைவதைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் குனிந்து, சுவரில் கை வைத்துப் பாருங்கள். கல்லில் மூளையைப் போல மடிப்பு மடிப்பாக, தேன்கூட்டைப் போலச் சின்னச் சின்னக் குழிகளாகக் கோலம் தெரியும். அவையெல்லாம் பவளப்பாறை. கடலுக்கடியில் ஒருகாலத்தில் உயிரோடிருந்த பவளத்தை வெட்டியெடுத்து, சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அருகில் உள்ள தியெர்ராபொம்பா தீவில் கல் வெட்டினார்கள், சுண்ணாம்பு சுட்டார்கள். வெட்டியது, சுட்டது, சுமந்தது பெரும்பாலும் ஆப்பிரிக்க அடிமைகள். மதியம் அந்தக் கல் கையைச் சுடும். அந்தச் சூட்டில் தலையில் கல் தூக்கி நடந்தவர்களை நினைத்துக்கொண்டுதான் நான் மதில் முழுவதும் நடந்தேன்.

ஏன் கட்டினார்கள் என்றால், பயம்தான் காரணம். ஸ்பெயினிலிருந்து வரும் கப்பல் கூட்டம் முதலில் கார்த்தஹேனாவில் நிற்கும். பிறகு பனாமாவின் போர்த்தோபேலோ சந்தைக்குப் போய்ப் பெரு நாட்டு வெள்ளியை ஏற்றிக்கொண்டு திரும்ப இங்கே வரும். அப்புறம் ஹவானா வழியாக ஸ்பெயின். இவ்வளவு செல்வம் தங்கிப் போகும் ஊரைக் கொள்ளையர்கள் விட்டுவைப்பார்களா? 1586-இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் டிரேக் ஊரைப் பிடித்து, வீடுகளை ஒவ்வொன்றாகக் கொளுத்தி, 1,07,000 துக்காத்து (அன்றைய ஸ்பானிய நாணயம்) மீட்புப் பணம் வாங்கிக்கொண்டுதான் போனார். அப்போது கட்டிக்கொண்டிருந்த கதீட்ரல் அவருடைய பீரங்கிக் குண்டில் இடிந்தது. அதன் பிறகுதான் இத்தாலியப் பொறியாளர் பவுத்திஸ்தா அந்தோனெல்லி மதிலுக்குத் திட்டம் வரைந்தார். கட்டும் வேலை ஏறத்தாழ இருநூறு ஆண்டு நடந்தது. நடுவில் 1697-இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து மறுபடி சூறையாடினார்கள்.

கடைசியாக வந்தவை 'லாஸ் போவேதாஸ்', 1792 முதல் 1798 வரை கட்டிய 23 அறைகள், முன்னால் 47 வளைவுகள். ராணுவக் கிடங்காகவும் பிறகு சிறையாகவும் இருந்தன. இன்று கைவினைக் கடைகள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மதில் முழுசாக இல்லை. நகரம் விரிய இடம் வேண்டும் என்று ஹெத்செமனியை நோக்கிய பக்கத்தில் ஒரு பகுதியை இடித்துவிட்டார்கள். ஊரில் அந்தச் செயலைக் கொலை என்பதுபோல, 'முரயிஸீதியோ', மதில்கொலை என்கிறார்கள். மிச்சத்தைக் கோட்டைகளோடும் துறைமுகத்தோடும் சேர்த்து யுனெஸ்கோ 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சான் பெலிப்பே கோட்டைக்கு முன்னால் ஒற்றைக் கால் ஆள் சிலை இருக்கிறதே, யார்?

பிளாஸ் தே லேசோ. ஸ்பானியக் கடற்படைத் தளபதி. வேறு வேறு போர்களில் ஒரு கண், ஒரு கால், ஒரு கையின் செயல் எல்லாம் போனவர். 1741-இல் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் வெர்னன் சுமார் 180 கப்பல்களோடும் இருபத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களோடும் இந்த ஊரை முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர்கள் மூவாயிரம், நாலாயிரம் பேர், கப்பல் ஆறு. வெர்னன் முதலில் துறைமுக வாயிலில் இருந்த கோட்டைகளைப் பிடித்துவிட்டார். வெற்றி நிச்சயம் என்று இங்கிலாந்தில் பதக்கமே அடித்துவிட்டார்கள், லேசோ வெர்னன் முன்னால் மண்டியிடுவதுபோல. இரண்டு காலும் உள்ளவராக அவரைக் காட்டும் பதக்கங்களும் அவற்றில் உண்டு.

ஏப்ரல் 20 விடியலில் சான் பெலிப்பேயின் மேல் பாய்ந்தார்கள். ஏணிகள் எட்டவில்லை, கோட்டைக்குள் இருந்தவர்கள் திருப்பி அடித்தார்கள். ஆனால் ஆங்கிலேயரை முறித்தது அந்த ஒரு விடியல் சண்டை மட்டும் இல்லை. மழை தொடங்கிவிட்டது. முகாமில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஊர்க்காரர்களில் பலருக்கு அந்தக் காய்ச்சல் சிறு வயதிலேயே வந்து போயிருந்ததால் அவர்களைத் திரும்பத் தொடவில்லை. புதிதாக வந்த படைதான் மடிந்தது. அந்தக் காய்ச்சலும் அதைப் பரப்பும் கொசுவும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களில்தான் இந்தக் கண்டத்துக்கு வந்தன. கிண்டியில் எனக்கு ஊசி போட்டபோது இந்தக் கதை தெரியாது. கோட்டை வாசலில் நின்று கேட்டபோது கை தானாகத் தோளைத் தொட்டது.

லேசோவும் அதே ஆண்டு செப்டம்பரில் இங்கேயே இறந்தார். தோற்றுத் திரும்பிய படையில் இருந்தவர் லாரன்ஸ் வாஷிங்டன், ஜார்ஜ் வாஷிங்டனின் அண்ணன், தாய் வேறு. தன் தளபதியின் நினைவாகத் தன் பண்ணைக்கு 'மவுண்ட் வெர்னன்' என்று பெயர் வைத்தார். பின்னாளில் அதுதான் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரின் வீடு.

இன்று நாம் பார்க்கும் பிரம்மாண்டமான கோட்டை 1741-இல் இல்லை. அப்போது குன்றின் உச்சியில் ஒரு சின்னக் கோட்டைதான். அந்தோனியோ தே அரேவலோ என்ற பொறியாளர் 1760-களில் அதைச் சுற்றிக் குன்றையே போர்த்தினார். உள்ளே இருக்கும் சுரங்கங்களில் ஒரு முனையில் காலடி வைத்தால் மறு முனையில் கேட்கும். எதிரி நுழைந்தால் தெரிந்துவிடவேண்டும் என்று அப்படிக் கட்டியிருக்கிறார்கள். கோட்டை திறந்த உடனே போங்கள். பத்து மணிக்கு மேல் நிழல் கிடையாது.

படகில் போகும்போது 'தண்ணீருக்கடியில் சுவர்' என்றார்கள். உண்மையா?

உண்மைதான். இந்த விரிகுடாவுக்கு இரண்டு முகத்துவாரம். பெரியது போக்காகிராண்டே, பெரிய வாய். சின்னது போக்காசீக்கா, சின்ன வாய். பெரிய வாயைக் காவல் காப்பது கஷ்டம் என்று 1771-இல் தொடங்கி ஏழு ஆண்டுகளில் கடலுக்கடியில் கல்லைக் கொட்டி அடைத்துவிட்டார் அரேவலோ. இன்றைக்கும் பெரிய கப்பல்கள் சின்ன வாய் வழியாகத்தான் வந்து போகின்றன. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த கட்டுமானம் கண்ணுக்குத் தெரியாத இதுதான்.

அடிமை வணிகத்தின் சுவடுகளை எங்கே பார்க்கலாம்?

தேடிப் போகவேண்டியதில்லை, அதன் மேல்தான் நடந்துகொண்டிருப்பீர்கள். மணிக்கூண்டு வாயில் வழியாக நுழைந்ததும் வரும் முக்கோணச் சதுக்கம், பிளாசா தே லோஸ் கோச்செஸ். அடிமைச் சந்தை நடந்த இடம் அது. நடுவில் பேத்ரோ தே எரேதியாவின் சிலை. ஒரு பக்கம் வளைவுகளுக்குக் கீழே மிட்டாய்க் கடைகள்: தேங்காய் மிட்டாய், பால் மிட்டாய், புளி உருண்டை. அங்கே விற்கப்பட்டவர்களின் பெயர் தாங்கி அந்தச் சதுக்கத்தில் எந்தச் சிலையும் இல்லை. எனக்கு அது வலித்தது.

அங்கிருந்து சில நிமிட நடையில் சான் பேத்ரோ கிளாவெர் தேவாலயம். கிளாவெர் 1610-இல் வந்த இயேசு சபைத் துறவி. அடிமைக் கப்பல் வந்ததும் தண்ணீரும் பழமும் மருந்தும் எடுத்துக்கொண்டு அடித்தட்டுக்கு இறங்குவாராம். 'என்றென்றும் கறுப்பினத்தாரின் அடிமை' என்று எழுதிக் கையெழுத்திட்டவர். 1654-இல் இறந்தார், 1888-இல் புனிதராக்கப்பட்டார். பீடத்துக்கு அடியில் கண்ணாடிப் பேழையில் அவருடைய எலும்புகள் இருக்கின்றன. பக்கத்து மடத்தில் அவர் வாழ்ந்த அறையையும் பார்க்கலாம்.

ஆனால் அவர் தனியாக இறங்கவில்லை. கப்பலில் வந்தவர்களின் மொழிகள் அவருக்குத் தெரியாது. அங்கோலாவிலிருந்து வந்த அந்திரேஸ் சகபூச்சே போன்ற ஆப்பிரிக்க மொழிபெயர்ப்பாளர்கள்தான் கூடவே இறங்கிப் பேசினார்கள். அவர்களும் அடிமைகள், இயேசு சபைக் கல்லூரிக்குச் சொந்தமானவர்கள். கிளாவெரைப் புனிதராக்கும் விசாரணையில் அவர்கள் சொன்ன சாட்சியத்தால்தான் அந்த அடித்தட்டில் நடந்தது என்ன என்று இன்று நமக்குத் தெரிகிறது. வழிகாட்டி வைத்துக்கொண்டால் இந்தப் பெயர்களைக் கேளுங்கள். சொல்லத் தெரிந்தவர் நல்ல வழிகாட்டி.

கொலம்பியாவில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1851-இல் வந்தது. அந்தச் சதுக்கத்தில் ஆள் விற்ற காலத்தோடு ஒப்பிட்டால் அது நேற்று நடந்ததுபோல.

சமய விசாரணை மாளிகைக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

கத்தோலிக்க நம்பிக்கைக்கு மாறானவர்கள் என்று சந்தேகப்பட்டவர்களை விசாரித்த திருச்சபை நீதிமன்றம் (இன்க்விசிஷன்) இருந்த கட்டடம் இது. சித்திரவதைக் கருவிகள் வைத்திருக்கிறார்கள், சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். கருவிகளைவிடப் பக்கச் சுவரில் உள்ள ஒரு சின்ன ஜன்னல்தான் என்னை உலுக்கியது. மேலே ஒரு சிலுவை. பக்கத்து வீட்டுக்காரர்மேல் பெயர் சொல்லாமல் புகார் கொடுக்க வைத்த ஜன்னல் அது. 1610-இல் இந்த நீதிமன்றம் வந்தது, இப்போதுள்ள கட்டடம் 1770-இல் முடிந்தது. பவுலா தே எகிலூஸ் என்ற ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண் மருந்து தெரிந்தவர். சூனியக்காரி என்று மூன்று முறை விசாரிக்கப்பட்டார். அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களில் ஊரின் பெரிய மனிதர்களும் உண்டு.

எதிரே உள்ள பொலீவார் சதுக்கத்தில் மத்திய வங்கி நடத்தும் ஒரு சின்னத் தங்க அருங்காட்சியகம் இருக்கிறது. ஸெனூ பூர்வகுடிகளின் நகைகளும், வெள்ளத்தை அடக்கி விவசாயம் செய்ய அவர்கள் வெட்டிய வாய்க்கால்களின் வரைபடமும் உள்ளே. எரேதியாவின் ஆட்கள் தோண்டிக் கொள்ளையடித்தது இந்த மக்களின் கல்லறைகளைத்தான். தவறவிடாதீர்கள்.

ஹெத்செமனி பாதுகாப்பான இடமா?

விவிலியத்தில் வரும் கெத்செமனே தோட்டத்தின் பெயர்தான். மதிலுக்குள் பிரபுக்கள் இருந்தார்கள். இங்கே கைவினைஞர்களும் விடுதலையான கறுப்பின மக்களும் வாழ்ந்தார்கள். 1811 நவம்பர் 11 அன்று இந்தத் தெருக்காரர்கள்தான் பேத்ரோ ரொமேரோ என்பவரின் தலைமையில் கிளம்பிப் போய் ஆளும் சபையை நெருக்கி விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 1815-இல் ஸ்பெயின் திரும்பி வந்து நூறு நாளுக்கு மேல் முற்றுகையிட்டது. ஊர் பட்டினியால் செத்தது. 'வீர நகரம்' என்ற பட்டம் அந்தப் பட்டினிக்காகக் கிடைத்தது.

இப்போது இரவு பத்து, பதினொன்று வரை திரினிதாத் சதுக்கத்தில் கூட்டம் இருக்கும், பயமில்லை. ஆனால் வாடகை ஏறி, தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் 'புவேனாஸ்' என்று சொல்லிவிட்டு நடங்கள். அவர்கள் வீட்டு வாசலில் நின்று கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

என்ன சாப்பிடலாம்?

காலையில் தெருவோர எண்ணெய்ச்சட்டியைத் தேடுங்கள். 'அரேபா தே உவேவோ' செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சோள மாவை வடைபோலத் தட்டி எண்ணெயில் போடுகிறார் அந்த அம்மா. பூரிபோல உப்பியதும் எடுத்து, ஓரத்தில் கத்தியால் ஒரு கீறல். ஒரு முட்டையைக் கோப்பையில் உடைத்து அந்தக் கீறல் வழியாக உள்ளே விடுகிறார். பச்சை மாவைக் கொஞ்சம் எடுத்து வாயை அடைத்து மறுபடி எண்ணெயில் போடுகிறார். இரண்டே நிமிடம். கடித்தால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மஞ்சள்கரு.

மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்யும் 'கரிமஞோலா', வாழைக்காயை நசுக்கி இரண்டு முறை பொரித்த 'பத்தகோன்' எல்லாம் கிடைக்கும். மதியம் பொரித்த மீனும் தேங்காய்ச் சோறும். அந்தச் சோற்றின் ரகசியம் 'தித்தோத்தே'. தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரிந்து அடியில் கசடு பழுப்பாகும் வரை காய்ச்சுவார்கள். பிறகு அந்தக் கசடோடேயே அரிசியைப் போட்டு வேக வைப்பார்கள். லேசான இனிப்பு இருக்கும், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். காரத்தை மட்டும் தேடாதீர்கள். மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் நமக்கு வந்தன, ஆனால் கார்த்தஹேனா சமையலில் உறைப்பு மிகக் குறைவு.

சைவர்கள் என்ன செய்வது?

பட்டினி இருக்கவேண்டாம். தேங்காய்ச் சோறு, பத்தகோன், பாலாடைக்கட்டி வைத்த அரேபா, அவகாடோ, வேண்டிய அளவு பழம். அவரை வகைக் குழம்புகளில் பன்றிக்கறி கிடக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். 'சைவம்' என்று மட்டும் சொன்னால் மீன் வரலாம். 'ஸின் கார்னே, ஸின் போயோ, ஸின் பெஸ்காதோ' என்று மூன்றையும் சொல்லுங்கள்: கறி வேண்டாம், கோழி வேண்டாம், மீன் வேண்டாம்.

பணம்?

கொலம்பியப் பெசோ. கடைசி இரண்டு சைபரை வெட்டி இரண்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட ரூபாய்க் கணக்கு வரும். உண்மை விலை அதைவிடச் சற்று கூட இருக்கலாம். பெசோவுக்கும் டாலர் குறியைத்தான் போடுவார்கள், மெனு பார்த்துப் பதறவேண்டாம். தெருவில் 'இருபது' என்றால் இருபதாயிரம். 50,000 பெசோ நோட்டில் எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் படம் இருக்கிறது. அவர் 1948-இல் இந்த ஊர்ப் பத்திரிகையில்தான் செய்தியாளர் வேலையைத் தொடங்கினார். அவருடைய அஸ்தி இங்கே லா மெர்சேத் மடத்தின் முற்றத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. போய் வணங்கிவிட்டு வரலாம்.

ஏமாற்று, திருட்டு?

டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறும் முன் தொகையைப் பேசுங்கள். கடற்கரையில் ஒருவர் கேட்காமலே காலைப் பிடித்து மசாஜ் தொடங்கினால், அது இலவசம் இல்லை. கைபேசியைத் தெரு ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். முன்பின் தெரியாதவர் தரும் பானத்தைத் தொடாதீர்கள், மயக்க மருந்து கலந்த சம்பவங்கள் கொலம்பியாவில் உண்டு. மற்றபடி விற்க வருகிறவர்களிடம் 'நோ, கிராசியாஸ்' என்று சிரித்துச் சொன்னால் போதும். அவர்களும் நாள் முழுக்க அந்த வெயிலில் நிற்கிறவர்கள்.

கடலில் குளிக்க?

ஊரை ஒட்டிய கடல் கலங்கல்தான். ரொசாரியோ தீவுகளுக்குப் படகில் போங்கள். அது பவளப்பாறைகளுக்கான தேசியப் பூங்கா. படகில் உயிர்காப்புச் சட்டை தரச் சொல்லி வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது பிற்பகல் காற்றில் அலை பலமாக இருக்கும்.

சான் பசீலியோ தே பலேங்கே என்ற கிராமத்துக்குப் போகச் சொல்கிறீர்கள். அவசியமா?

நான்கு நாளில் ஒன்றை விடவேண்டும் என்றால் கடலை விடுங்கள், இதை விடாதீர்கள். கார்த்தஹேனாவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பென்கோஸ் பியோஹோ என்பவர் தலைமையில் தப்பிய அடிமைகள் காட்டுக்குள் அரண் கட்டி வாழ்ந்தார்கள். அப்படி அரணிட்ட ஊருக்குத்தான் 'பலேங்கே' என்று பெயர். ஸ்பானியர் அவரோடு சமாதானம் பேசினார்கள், பிறகு பிடித்து 1621-இல் தூக்கிலிட்டார்கள். ஆனால் தப்பி வாழ்வது நிற்கவில்லை. கடைசியில் அரசே அவர்களின் சுதந்திரத்தை ஒப்புக்கொள்ளவேண்டி வந்தது.

அந்த ஊருக்குத் தனி மொழி இருக்கிறது. ஸ்பானியச் சொற்களோடு ஆப்பிரிக்காவின் கிகோங்கோ கலந்த மொழி. மாட்டுக்கு அங்கே 'ங்கோம்பே' என்கிறார்கள். காங்கோ பகுதியிலும் மாட்டுக்கு அதே சொல்தான். நானூறு ஆண்டு, ஒரு கடல், ஒரு சந்தை எல்லாவற்றையும் தாண்டி ஒரு சொல் அப்படியே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இப்போது பிள்ளைகளுக்கு இந்த மொழியைக் கற்றுத் தருகிறார்கள். ஊரின் பண்பாட்டை யுனெஸ்கோ 2005-இல் மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் சின்னமாக அறிவித்தது. சதுக்கத்தில் பென்கோஸ் சங்கிலியறுத்துக் கை நீட்டி நிற்கிறார். 1972-இல் உலகக் குத்துச்சண்டை வாகையரான அந்தோனியோ செர்வாந்தெஸ், 'கிட் பம்பெலே', இந்த ஊர்க்காரர்.

அந்தக் காலத்தில் பெண்கள் தப்பும் வழியைச் சடையில் வரைபடமாகப் பின்னி வைத்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். ஒரு பாட்டி தன் பேத்தியின் தலையில் பின்னிக் காட்டினார். உச்சியில் நேராகப் போகும் பின்னல் சாலை, வளைந்து போவது ஆறு, எல்லாம் வந்து முடியும் முடிச்சு சந்திக்கும் மரம்.

உள்ளூர் வழிகாட்டியையே அமர்த்துங்கள், மதியச் சாப்பாட்டையும் ஊரிலேயே சாப்பிடுங்கள்.

என்ன வாங்கி வரலாம்?

மரகதக் கல்லைத் தெருவில் வாங்காதீர்கள். 'சொம்ப்ரேரோ வுவெல்தியாவோ' என்ற கறுப்பு வெள்ளைத் தொப்பி வாங்கலாம், ஸெனூ மக்கள் நாணல் இழையில் பின்னுவது. இழை எண்ணிக்கை கூடக்கூட மெல்லியதாகும், விலையும் ஏறும். நல்லதை மடித்துப் பைக்குள் வைத்து எடுத்தாலும் பழைய உருவத்துக்கு வந்துவிடும்.

அப்புறம், மதிலுக்குள் பளிச்சென்ற பாவாடையோடு தலையில் பழக்கூடை வைத்து நிற்கும் பெண்களைப் பார்ப்பீர்கள். படத்தில் எல்லாரும் காட்டுவது அவர்களைத்தான். பலேங்கேயிலிருந்து வருகிறவர்கள் அவர்கள். பழமும் மிட்டாயும் விற்றுத்தான் அந்த ஊரின் பெண்கள் பல தலைமுறையாகக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். படம் எடுத்தால் காசு கேட்பார்கள், கேட்பது நியாயம். நான் ஒருவரிடம் மாம்பழம் வாங்கினேன். கூடையை இறக்கி, தோல் சீவி, உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தந்தார். 'ங்கோம்பே' என்ற சொல்லை அவரிடம் சொல்லிக் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டு, என் உச்சரிப்பு சரியாகும்வரை நான்கு முறை சொல்ல வைத்தார்.